நூற்று நாற்பத்தைந்தாம் பக்கம்

மார்ச் 2

மாமா அவர்களுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று உங்கள் பதிப்பகத்திலிருந்து ஒரு பெரிய கவர் வந்தது. மேலே அவள் பெயர். உங்கள் மகள் இறந்து ஆறு வாரம் ஆகிறது, அவளுக்கு இன்னும் தபால் வருகிறது. தபால்காரர் ‘வீட்டம்மா இல்லையா?’ என்றார். ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அது பொய்யும் இல்லை.

உள்ளே ‘ஒன்பது பூட்டுகள்’ எட்டாம் பதிப்பின் கடைசி மெய்ப்பு. ‘இருபதாம் தேதிக்குள் திருத்தி அனுப்பவும், இருபத்தெட்டாம் தேதி மிஷினில் ஏறுகிறது’ என்று சீட்டு.

எனக்குத் துப்பறியும் கதை படித்துப் பழக்கமில்லை. வெப்பமானிகளையும் தராசுகளையும் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே மூச்சில் ஒன்பது கதைகளையும் படித்தேன். ஒன்பதாவது கதையில் முதலாளியின் இரும்புப் பெட்டியிலிருந்த நகை காணாமல் போகிறது. டிரைவரின் சட்டைப்பையில் ஒரு சாவி கிடைக்கிறது. போலீஸ் அவனைக் கூட்டிப்போகிறது. துப்பறிகிற பூட்டுக்காரர் தன் பையை மூடுகிறார். 144ஆம் பக்கம், முற்றும்.

பிறகு அவள் மேசை இழுப்பறையில் இருந்த பழைய மெய்ப்பை எடுத்துப் பார்த்தேன். அதே பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: ‘இங்கே முடியவில்லை.’ புத்தகத்தின் முன்னால் சேர்க்க அவள் எழுதிவந்த ‘பதிப்பு வரலாறு’ நான்கு பக்கம் இருக்கிறது. கடைசி வரி ‘இரண்டாம் பதிப்பில்,’ என்று கமாவோடு நிற்கிறது.

அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஐந்து முறை போன் செய்தேன், மணி அடித்து நின்றுவிட்டது. அன்று எல்லார் முன்னாலும் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் செய்த வேலை பாதியில் அச்சாகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் மருமகன்

*

மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

மெய்ப்பு உங்கள் வீட்டுக்கு வந்தது எங்கள் அலுவலகத் தவறு. தபால் கட்டுகிற அம்மாவிடம் கத்தினேன். அவர் அழுதார். பிறகு நானே போய் டீ வாங்கிக்கொடுத்தேன். அலுவலகம் இப்போது இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

போனை எடுக்காததற்குக் காது சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் எதுவானாலும் தாளில் வர வேண்டும். என் மகளையே நான் போனில் ஒரு கமா திருத்த விட்டதில்லை. தபாலில் போடு, பார்த்துச் சொல்கிறேன் என்பேன். உலகத்தில் அப்பாவுக்கு வாரம் ஒரு கவர் அனுப்பிய பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

‘இரண்டாம் பதிப்பில்,’ என்று நிறுத்தியதற்கெல்லாம் அர்த்தம் தேட வேண்டாம். பாதி வாக்கியத்தில் எழுந்து போவது அவளுக்கு, நான் ‘பென்சில்’ என்று கூப்பிட்டவளுக்கு, பிறவிக் குணம். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டையும் அப்படித்தான் விட்டுவிட்டு ஓடுவாள். காதில் பென்சில் செருகியிருக்கும், கையில் சோறு ஒட்டியிருக்கும்.

வரலாறு வேண்டுமென்றால் நான் சொல்கிறேன். எழுதியவர் தந்தி ஆபீஸ் குமாஸ்தா. நாள் முழுக்க ஊரார் சொற்களை எண்ணி எண்ணி அனுப்பியவர், அதனால் சொந்தக் கதையிலும் ஒரு சொல்லை வீணாக்க மாட்டார். ஒன்பது வாரம் பத்திரிகையில் வந்ததை என் அப்பா புத்தகமாகப் போட்டார். அப்பா போன பிறகு, இருபத்து நாலு வயதில், நான் தனியாகப் போட்ட முதல் புத்தகம் அதன் இரண்டாம் பதிப்பு. பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கியே மூவாயிரம் போயிற்று. ஒரு வாசகர் தன் வீட்டுப் பூட்டையே பார்சலில் அனுப்பி ‘இதைத் திறந்தது யார், பூட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லவும்’ என்று எழுதியிருந்தார். அந்தப் பூட்டு இன்னும் என் மேசையில் காகிதத்தின் மேல் கனத்துக்கு இருக்கிறது.

கதை 144இல் முடிகிறது. நாற்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் விற்கிறேன். ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மாமா

*

மார்ச் 9

மாமா அவர்களுக்கு,

அனுப்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

அவள் சேர்த்து வைத்திருந்த பழைய பிரதிகள் பதினொன்று. அதில் மூன்று முதல் பதிப்பு. மூன்றையும் வேலைக்கு எடுத்துப்போய் உருப்பெருக்கியில் பார்த்தேன். மூன்றிலும் 144ஆம் பக்கத்தின் உள் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, நாலு மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்பாக ஒரு கோடு. காய்ந்த பசை. இரண்டாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்பு வரை எதிலும் அது இல்லை. அட்டை ஒட்டிய பசை என்று சொல்லாதீர்கள், அட்டைப் பசை முதுகில் இருக்கும். இது உள்ளே இருக்கிறது. அங்கே ஏதோ இருந்திருக்கிறது, உதிர்ந்துவிட்டது. மூன்றிலும்.

இன்னொன்றும் உண்டு. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. நான் திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைத் தட்டி, “கடைசித் தாள் கிடைச்சிடுச்சு. எங்க தெரியுமா?” என்றாள். “பேசாத, மூச்சு வாங்குது பாரு. அப்புறம் சொல்லு” என்றேன். சிரித்தாள். “சரிங்க சார்” என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. நீங்கள் வந்து சேர்ந்தபோது பேச்சே இல்லை.

அப்புறம் என்று சொன்னது நான்தான், மாமா. அதனால் தேடிக்கொண்டிருக்கிறேன். அலமாரி, மெத்தைக்கு அடியில், அரிசி டப்பா வரை பார்த்துவிட்டேன். தாள் எங்கேயும் இல்லை. கைப்பையில் ஒரு பஸ் டிக்கெட் மட்டும் இருந்தது, காய்ச்சல் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை. அன்று என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வேலை. மழையில் நனைந்து வந்தாள், செருப்பெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. செருப்பை வெளியே விடச் சொன்னேன்.

அச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இரண்டு வாரம் போதும். இப்போதெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறேன். மூன்று தரம். அவள் இருந்தால் பூட்டுக்காரர் பேய் பிடித்துவிட்டது என்பாள்.

உங்கள் மருமகன்

*

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

அச்சு தள்ளாது. மிஷின் என்னுடையது இல்லை, அந்த நாளை விட்டால் மூன்று மாதத்துக்கு இடம் கிடையாது. புத்தகம் அவள் நினைவாக வருகிறது. முதல் பக்கத்தில் அவள் படம் போடுகிறேன். அது போதாதா?

உருப்பெருக்கியாம், நாலு மில்லிமீட்டராம். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். அளப்பதைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் என் பெண்ணின் காய்ச்சலை அளந்து நோட்டில் எழுதினீர்களே, மூன்று வெப்பமானி வைத்து. ரெண்டு நாள். தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றவில்லையா? தெர்மாமீட்டர் மாப்பிள்ளை என்று நான் விளையாட்டுக்குத்தான் கூப்பிட்டேன். அதுவே வினையாகும் என்று யார் கண்டது.

பதினெட்டு வரிக்காக எட்டாம் பதிப்பை நிறுத்து என்கிறீர்கள். பத்துக் கடைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. முடியாது.

இருபதாம் தேதிக்குள் மெய்ப்பு வராவிட்டால் நானே கையெழுத்துப் போட்டு ஏற்றிவிடுவேன்.

*

மார்ச் 15

மாமா அவர்களுக்கு,

பதினெட்டு வரி என்று நான் எழுதவில்லை.

என் கடிதங்களின் நகலை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். பசை என்று எழுதியிருக்கிறேன். ஏதோ இருந்தது என்று எழுதியிருக்கிறேன். எத்தனை வரி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்கும் இப்போது பதில் எழுதிவிடுகிறேன், நீங்கள் தாளில் கேட்டுவிட்டதால். ஓடத் தோன்றவில்லை. முதல் நாள் 38.4 டிகிரி. இரண்டாம் நாள் காலை 38.1. குறைகிறது என்று நினைத்தேன். மூன்று வெப்பமானியும் சரியாகத்தான் காட்டின. இதுதான் என் பதில். இதை வைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே நாள் முழுக்க என் கையில் வெப்பமானி.

நேற்று அந்த டிக்கெட்டில் இருந்த நிறுத்தத்தில் இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே ஒரு வாடகை நூலகம், சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில். நடத்துகிற அம்மாவிடம் அவள் போட்டோவைக் காட்டினேன்.

“பென்சில் சொருகிக்கிட்டு வந்த பொண்ணா? மழைல சொட்டச் சொட்ட வந்து நின்னுச்சு. புஸ்தகத்துமேல தண்ணி விடாதம்மான்னு நான்தான் கத்துனேன்” என்றார்.

அவர்களிடம் ‘ஒன்பது பூட்டுகள்’ முதல் பதிப்பு ஒன்று இருந்ததாம். ‘கடைசித் தாள் கழண்டு கழண்டு விழுது’ என்று படிப்பவர்கள் சண்டை பிடித்ததால், அவர் வீட்டுக்காரர் செருப்புத் தைக்கிற நூலால் அதைத் தைத்துவிட்டாராம். அதனால் அந்த ஒரு பிரதியில் மட்டும் தாள் தங்கிவிட்டது. புதுப் பதிப்பு வந்ததும் ஒன்று கொடுப்பதாகச் சொல்லி, அவள் நூலை அறுத்துத் தாளை வாங்கிக்கொண்டாள்.

“ஈரத்துல வீட்டுக்குக் கொண்டுபோனா பாழாப்போகும்னு இங்கயே கவர் வாங்கி, ஒரு லெட்டரும் எழுதி உள்ள வச்சு ஒட்டிட்டா. யாருக்கும்மான்னு கேட்டேன். எங்கப்பாவுக்குன்னா. எதுத்தாப்ல இருக்கே, அந்தப் பெட்டியிலதான் போட்டா.”

மாமா, அந்தக் கவர் உங்களுக்கு வந்ததா, இல்லையா? இதை மட்டும் சொல்லுங்கள். இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. வரவில்லை என்றால் தபால் நிலையம் தபால் நிலையமாகப் போய்க் கேட்கிறேன். வந்தது என்றால்

வந்தது என்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

உங்கள் மருமகன்

*

மார்ச் 18

மாப்பிள்ளை,

வந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக நீங்கள் சொன்னதும் நான் கிளம்பி வந்தேனே, அதற்கு அப்புறம் வந்திருக்கும். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் தள்ளினால் கால் அதன்மேல் பட்டது. அவள் கையெழுத்து. ‘அப்பாவுக்கு’ என்று இருந்தது, ‘மெய்ப்பு’ என்றும் கீழே கோடு போட்டு.

இன்னும் பிரிக்கவில்லை.

முதல் ஒரு மாதம் பிரிக்காததற்குக் காரணம் வேறு. பிரித்துவிட்டால் அவள் எனக்குச் சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை. மூடியிருக்கிறவரை ஏதோ சொல்ல வந்துகொண்டே இருக்கிறாள். மேசையில் அந்தப் பூட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் முதல் கடிதம் வந்த பிறகு காரணம் மாறிவிட்டது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துபோயிற்று.

சொல்லிவிடுகிறேன். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒன்பது ஃபாரம், 144 பக்கம். கதை பதினெட்டு வரி மிஞ்சியது. என் அப்பா அதைத் தனித் தாளாக அடித்து, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டினார். இரண்டாம் பதிப்பில் எனக்கு அவசரம். மூவாயிரம் தாள் ஒட்ட ஒரு வாரம் ஆகும் என்றார் பைண்டர். 144இன் கடைசி வரியைப் பார்த்தேன். பூட்டுக்காரர் பையை மூடுகிறார். முற்றும் போட்டால் முடிந்த மாதிரியேதான் இருந்தது. போட்டுவிட்டேன்.

தந்தி ஆபீஸ்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, “தம்பி, இது பாதியில நிக்குதே” என்றார். “அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம் சார்” என்றேன். நம்பிப் போனார். மூன்றாம் பதிப்பு வருவதற்குள் அவர் இல்லை. கேட்க ஆள் இல்லை என்றதும் எனக்கும் சௌகரியமாகப் போயிற்று. இப்படி ஆறு பதிப்பு.

இது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஒரு வரியைக்கூடத் தொட மாட்டார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். உள்ளே என்ன எழுதியிருப்பாள்? பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களைத் திட்ட மட்டும் இருந்தது.

கவரை அப்படியே பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் பிரியுங்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். இருபதாம் தேதி போனால் போகட்டும். மிஷின்காரரிடம் பேசிக்கொள்கிறேன்.

*

மார்ச் 22

மாமா,

கவர் வந்தது. முதலில் எடை போட்டேன். பதினாலு கிராம். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. பழக்கம். பிரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

தாள் நன்றாக இருக்கிறது. ஓரத்தில் ஊசித் துளைகள். ஒரு பக்கம் மட்டும் அச்சு. எண்ணினேன், பதினெட்டு வரிதான். நாற்பத்திரண்டு வருஷம் கழித்தும் நீங்கள் எண்ணிக்கையைச் சரியாகத்தான் வைத்திருந்தீர்கள். பக்கத்தின் நகல் உள்ளே இருக்கிறது. சுருக்கம் இது: பையை மூடிய பூட்டுக்காரர் வாசலில் நின்றுவிடுகிறார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, “டிரைவர் பையில இருந்த சாவிய யாராவது அந்தப் பூட்டுல போட்டுப் பாத்தீங்களா?” என்கிறார். ஒருவரும் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கிறார்கள். திரும்பவில்லை. அது டிரைவரின் சொந்த வீட்டு டிரங்குப் பெட்டிச் சாவி. எல்லாரும் மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்க்கிறார்கள். அதுதான் முடிவு.

இனி அவள் கடிதம். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“அப்பா, இதோ உங்க 145. கண்டுபிடிச்சது நான்தான், அதனால கொஞ்சம் திமிரா எழுதறேன், பொறுத்துக்கோங்க. பாவம் அந்த டிரைவர். ஒண்ணுமே பண்ணாத மனுஷன நாப்பத்திரண்டு வருஷமா உள்ள வச்சிருக்கீங்க. வெளிய விட்டுடுங்கப்பா. எனக்குக் கோவம் இல்ல. முதல்ல ரெண்டு நாள் இருந்துச்சு, போயிடுச்சு. இருபத்து நாலு வயசுல நானும்தான் என்னென்னவோ பண்ணேன், உங்க தெர்மாமீட்டர் மாப்பிள்ளைய கட்டிக்கிட்டது உட்பட. (அவர்கிட்ட காட்டாதீங்க. இன்னிக்கு வரமாட்டேன்னுட்டார், அந்தக் கடுப்பு.) பதிப்பு வரலாறுல ‘இரண்டாம் பதிப்பில்,’னு எழுதி நிறுத்திட்டேன். மிச்சத்த நீங்கதான் எழுதணும். நான் எழுதினா குத்தம் சொன்ன மாதிரி இருக்கும். நீங்க எழுதினா சரியா இருக்கும். தபால்லயே அனுப்புங்க, போன்ல வேண்டாம்.”

அவ்வளவுதான். கீழே பெயர் போடவில்லை. ஒரு பென்சில் வரைந்திருக்கிறாள்.

காட்டாதீர்கள் என்று அவள் எழுதியதை நான்தான் முதலில் படித்தேன். சிரித்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சிரிப்பு நிற்காமல் வேறு ஏதோ ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மெய்ப்பு அவள் மேசையிலேயே இருக்கிறது. என்ன செய்யட்டும்?

*

மார்ச் 25

மாப்பிள்ளை,

எழுதிவிட்டேன். ‘இரண்டாம் பதிப்பில், இந்நூலின் கடைசித் தாளைப் பதிப்பாளன் வேண்டுமென்றே விட்டுவிட்டான். ஆசிரியர் கேட்டபோது சரிசெய்வதாகச் சொல்லிச் செய்யவில்லை. தாளைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவன் மகள்.’ பதினோரு தடவை அடித்து எழுதிய மூன்று வாக்கியம். அவள் கமாவை நான் தொடவில்லை.

உங்களிடமிருந்தும் ஒரு தாளை மறைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் போன மறுநாள் நான் தனியாகப் போய் டாக்டரைப் பிடித்து உலுக்கினேன். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். “இல்ல சார். முதல் மணி நேரத்துலயே வந்திருந்தாலும் இதேதான். எங்களுக்கே ரெண்டாம் நாள் ராத்திரிதான் புரிஞ்சுது. உங்க மருமகன் எழுதி வச்ச நோட்டுனாலதான் அதுவும் புரிஞ்சுது” என்றார். இதைக் கேட்டுவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினேன். உங்களிடம் சொல்லவில்லை. யார் மேலாவது போட வேண்டியிருந்தது. அதற்கப்புறமும், தெரிந்தே, அந்தப் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை எழுதினேன். எல்லார் முன்னாலும் கேட்டதை எல்லார் முன்னாலும் வந்து திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், போதும்.

மிஷின்காரர் இருபத்தெட்டிலேயே ஏற்றுகிறார். அவள் மெய்ப்பில் வேறு திருத்தம் இல்லையே? இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் பதினெட்டு வரியும் 144க்குள் அடங்கிவிடும் என்றார். வேண்டாம் என்றேன். என் அப்பா ஒட்டிய மாதிரியே தனித் தாளாக, கையால். ஆயிரம் பிரதி. பழைய பைண்டர் வருகிறேன் என்றிருக்கிறார், ஆனால் அவருக்குக் கண் சரியில்லை. என் கை நடுங்குகிறது. பசை நாலு மில்லிமீட்டருக்கு மேல் போனால் தாள் சுருங்கும். குறைந்தால் மறுபடி உதிரும். அளக்கத் தெரிந்த ஆள் ஒருத்தர் இல்லாமல் ஆகாது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடுங்கள், தெர்மாமீட்டர். முதல் பிரதி வாடகை நூலகத்து அம்மாவுக்கு. அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஏறியதும் ஒரு போன் போடுங்கள். எடுப்பேன்.